ஆசீர்வாதத்துக்கு முன்னால் எழுந்து போகிறவர்

மோனே,

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு என்று தொடங்குவதுதான் நம் வீட்டுப் பழக்கம். இந்தத் தடவை அந்தப் பெரிய வார்த்தையை எழுதக் கை கூசுகிறது. அதனால் வெறும் மோனே. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ புனேயிலிருந்து கூப்பிட்டு, அங்கே நீயும் ஷைனியும் போகிற தமிழ்ச் சபையில் உன்னை வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், வருகிறவர்களுக்கு ஆராதனைத் தாள் கொடுத்து இடம் காட்ட வேண்டும் என்று சொன்னாய். உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பா மாதிரியே நிக்கணும், கேட்டியா?" என்று போனில் கத்தினாள். அதோடு விட்டாளா? "அப்பா இப்போ ஞாயித்துக்கிழமை தோறும் செல்வதாஸ் அண்ணன் வீட்டுல போயி ரூபி அக்காவுக்குத் துணையா இருக்காரு, சபையே புகழுது" என்று அதையும் சேர்த்துச் சொன்னாள். நீயும், "அப்பா, எனக்கும் அதுபோல ஒரு மனசு வேணும்னு ஜெபிச்சுக்கோங்க" என்றாய். "அப்பா லைன்ல உண்டா?" என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். இருந்தேன் மோனே.

உனக்குத் தமிழ் பேச வரும். வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். பள்ளிக்கூடமெல்லாம் மலையாளமும் இங்கிலீஷும்தான், தமிழ் எழுத்து என்பது ஞாயிறு பள்ளியில் வேதம் வாசித்துப் பழகியது. ஷைனி நாகர்கோவில்காரி, கடகடவென்று வாசித்துவிடுவாள். ஆனாலும் இதை முதலில் அவளிடம் கொடுக்காதே. நீயே எழுத்துக் கூட்டி, மெதுவாக வாசி. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் பேசினால் நான் குரலைக் கனிவாக்கி, நடுவில் கொஞ்சம் தொண்டையைச் செருமி, உன்னை எனக்காக இரக்கப்பட வைத்துவிடுவேன். அந்த வித்தை எனக்குத் தெரியும். கமிட்டிக் கூட்டங்களில் எத்தனை முறை அதை வைத்துப் பிழைத்திருக்கிறேன்!

நான் வாசலில் நின்ற கதை உனக்குத் தெரியும். அரசு ஆபீசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு உத்தியோகம் போனாலும் மிடுக்குப் போகாது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் தாள்கட்டு, முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே கோயில் படியில் ஆஜர். யார் பிந்தி வருகிறார்கள், யார் செருப்பைத் தாறுமாறாக விடுகிறார்கள், எந்தப் பிள்ளை ஜெப நேரத்தில் போனை நோண்டுகிறது, எல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. எல்லாவற்றுக்கும் மேலே எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: போதகர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் கோயிலை விட்டு வெளியே போகக் கூடாது. என் அப்பன் என் காதைத் திருகிச் சொல்லித் தந்தது, நான் உன் காதைத் திருகிச் சொல்லித் தந்தது. கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்று கடைசிப் பாட்டில் நீ நழுவப் பார்த்த அன்றைக்கு, படியிலிருந்து இழுத்து வந்து மறுபடியும் பெஞ்சில் உட்கார வைத்தேன் அல்லவா? "ராஜா கொடுக்கிற வெகுமதியை வாங்காமப் போறியாடே?" என்று கேட்டேன். நல்ல வசனம் பேசினேன் என்று அன்றைக்கு ஒரே பெருமை.

கண்ணுக்குத் தப்பாது என்று எழுதினேன். அது சுத்தப் பொய். நீ எட்டாம் வகுப்பில் படித்தபோது பள்ளிக்கூடத்தில், தமிழ்ப் பிள்ளை என்பதால், உன்னை "பாண்டி, பாண்டி" என்று கேலி செய்தார்கள். அம்மா கொடுத்துவிட்ட புளிக்குழம்புச் சோற்றை நீ வழியில் ஓடையில் கொட்டிவிட்டுப் பட்டினியாக இருந்தாய். எத்தனையோ வாரம் நடந்தது அது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்து ராத்திரி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கில் மார்க் குறைந்தது மட்டும்தான். அதற்கும் திட்டினேன். உன் இடுப்பில் நிக்கர் நழுவுவதைப் பார்த்து விஷயத்தைப் பிடித்தவள் உன் அம்மா. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்: ஒழுங்கைக் கவனிக்கிறவனுக்கு ஆளைக் கவனிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. உறைக்கவில்லை.

செல்வதாஸ் அண்ணனையும் ரூபி அக்காவையும் உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர், பாறசாலைப் பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னைச் சாரே என்றுதான் கூப்பிடுவார். ரூபி அக்கா பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுவார்கள், உன்னைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளாமல் விடமாட்டார்கள். ஒரே மகள் மஸ்கட்டில். வாராவாரம் நேமத்திலிருந்து பஸ்ஸில் கிழக்கேகோட்டை வந்து, அங்கிருந்து நடந்து கோயிலுக்கு வருவார்கள், இரண்டு பேரும் ஒரே குடையில். போன வருஷம் ஓணம் கழிந்து ரூபி அக்கா வருவது நின்றது. அண்ணன் மட்டும் வந்தார். நான் தாளைக் கொடுத்துக்கொண்டே, "அக்கா எங்கே?" என்று கேட்டேன். "அவளுக்குக் கொஞ்சம் வய்யா சாரே, தலைசுத்தல்" என்றார். "ஜெபிக்கிறோம் அண்ணே" என்றேன். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில், அதே ஜெபிக்கிறோம். போதகர் மன்றாட்டு ஜெபத்தில் ரூபி அக்காவின் பெயரைச் சொன்னார், நாங்கள் எல்லாரும் உரக்க ஆமென் சொன்னோம். கிறிஸ்துமஸ் வேலைகள் தொடங்கியதும் புதிய பெயர்கள் வந்தன, பழைய பெயர் போய்விட்டது. ஒருவரும் நேமத்துக்குப் பஸ் ஏறவில்லை. ஜெபித்தாகிவிட்டதே, இனிக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம். நம் ஆட்களுக்குத்தான் இப்படி ஒரு வசதி உண்டு மோனே. ஜெபம் என்று ஒன்று இல்லாத ஜனங்களாக இருந்தால், ஒருவேளை யாராவது போய் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

அந்த நாட்களில்தான் அண்ணன் கடைசிப் பெஞ்சுக்கு மாறினார். பிரசங்கம் முடிந்து கடைசிப் பாட்டுத் தொடங்கியதும் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, என்னைத் தாண்டிப் படி இறங்கிப் போய்விடுவார். முதல் வாரம் பொறுத்தேன். பிறகும் பொறுத்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெண்ட் ஞாயிறு ஒன்றில் எனக்குப் பொறுமை போய்விட்டது. படியில் வைத்து, நாலு பேர் கேட்கவே, "என்ன அண்ணே, ஆசீர்வாதம் வாங்காம ஓடினா பஸ்ஸு கிடைக்கும், பரலோகம் கிடைக்குமா?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "பஸ்ஸு விட்டா பின்ன ஒரு மணிக்கூர் கழிஞ்சுதான் சாரே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். எனக்கு வருத்தம் வந்திருக்கும் என்று நினைக்கிறாயா? கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் ஆட்களுக்குப் பொறுக்காது என்று உன் அம்மாவிடம் அலுத்துக்கொண்டேன்.

பிறகு உன் கல்யாணம் வந்தது. மூன்று ஞாயிறு உன் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தார்கள், யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று போதகர் கேட்டபோதெல்லாம் நான் சபையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன், ஏதோ எனக்கே பெண் பார்த்ததுபோல. கார்டு அடித்து வந்ததும் உன் அம்மா வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தாள். "நேமம் உங்களுக்கு" என்றாள். செல்வதாஸ் அண்ணனுக்குப் போனில் படம் அனுப்பினால் போதாதா, அவர்தான் கோயிலுக்கே வருவதில்லையே என்றேன். "நேர்ல போயி விளிக்கலேன்னா நாளைக்கு அது ஒரு பேச்சாவும். அவங்க வந்தாலும் வரலேன்னாலும் நாம விளிக்கணும்" என்றாள். ஆக, நான் அந்த வீட்டுப் படியேறியது அன்பினால் இல்லை, பேச்சுக்குப் பயந்து.

ஆட்டோவை முக்கில் நிறுத்திவிட்டு நடந்தேன். முன்கதவில் பூட்டுத் தொங்கியது, வெளிப்பக்கம். சரி, ஆள் இல்லை, கார்டைச் செருகிவிட்டுப் போகலாம் என்று நினைத்தபோது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. பாட்டு மாதிரியும் இருந்தது, பாட்டு இல்லாத மாதிரியும் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று கேட்டபிறகுதான் புரிந்தது. நாம் கோயிலில் பாடுகிற பாட்டுத்தான், ஆனால் அதன் ஆல்ட்டோ மட்டும். கூட மெட்டுப் பாட ஆள் இல்லாமல் அடிக்குரல் மட்டும் தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனேன். ரூபி அக்கா நைட்டியில், தலை கலைந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொண்டை கலையாமல் கோயிலுக்கு வந்த அக்கா. "ஆராக்கும்?" என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். பெயர் அவர்களுக்கு எங்கேயும் போய்த் தட்டவில்லை. "தொறந்து விடு" என்றார்கள். குழந்தை கேட்பதுபோல, கோபமே இல்லாமல், "தொறந்து விடு" என்று மறுபடியும்.

எனக்கு எல்லாம் அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது மோனே. தலைசுத்தலும், கடைசிப் பெஞ்சும், பஸ்ஸும், எல்லாம். அண்ணன் எங்கேயோ மருந்துக்கோ காய்கறிக்கோ போயிருக்கிறார், பூட்டாமல் போனால் இவர்கள் தெருவில் இறங்கிவிடுவார்கள், கோயிலுக்கு வந்த நாட்களிலும் இப்படித்தான் பூட்டிவிட்டு வந்து, பாதியில் ஓடியிருக்கிறார். விளங்கிய பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்யாணக் கார்டை நீட்டினேன். அக்கா கம்பி வழியாகக் கையை விட்டு இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். அவர் வந்துவிட்டால் அவருக்குச் சங்கடமாகிவிடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆட்டோக்காரன் வேறு ஹாரன் அடித்தான். சாலைத் தெருவில் துணிக்கடைக்குப் போக வேண்டியிருந்தது, உன் கல்யாணப் பட்டுக்கு அளவு சொல்ல. திரும்பி நடந்தேன். முக்குவரைக்கும் அந்த ஆல்ட்டோ கேட்டது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "ஆளில்ல, கார்டை வெச்சிட்டு வந்தேன்" என்றேன். எரிகோ ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் ஒதுங்கிப் போன ஆசாரியனைப் பற்றி நான் ஆண்கள் ஐக்கியத்தில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன், நீயும் கைதட்டியிருக்கிறாய். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி என்பது அன்றைக்கு எனக்குப் பொருந்தியதுபோல வேறு யாருக்கும் பொருந்தியிருக்காது.

கல்யாணம் முடிந்த பிறகு போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். நினைப்பதற்குக் காசா பணமா?

ஈஸ்டர் கழிந்து உன் கல்யாணம். உன் கல்யாண வீடியோவை எடுத்துப் போட்டுப் பார். கோயிலுக்குள் கடைசிப் பெஞ்சில், சுவரோரமாக, நீலச் சட்டை போட்டு ஒருவர் இருப்பார். மற்றவர்கள் எல்லாம் உங்களைப் பார்க்கும்போது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அன்றைக்கே கவனித்தேன். அவரைக் கண்டதும் எனக்குள் எழுந்த முதல் கேள்வி, அப்படியானால் ரூபி அக்காவோடு யார் இருக்கிறார்கள் என்பதுதான். கேள்வி வந்த வேகத்திலேயே பதிலும் சொல்லிக்கொண்டேன்: பக்கத்து வீட்டில் யாராவது இருப்பார்கள், மகள் வந்திருப்பாள், யாராவது இல்லாமலா இவர் வந்திருப்பார்? ஆராதனை முடிந்தது. அன்றைக்கு அவர் ஆசீர்வாதம் முடியும்வரை இருந்தார். எனக்கு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. என் பேச்சுக்குப் பலன் உண்டு என்று நினைத்தேன்.

வெளியே படியில் என் பக்கத்தில் வந்து, "சாரே, ஒரு காரியம்" என்றார். சம்பந்தி வீட்டார் நின்றார்கள், போட்டோக்காரன் கூப்பிட்டான். "அதெல்லாம் அப்புறம் பேசலாம் அண்ணே, முதல்ல சாப்பிடுங்க" என்றேன். சாப்பாட்டு ஹால் வாசலில் மறுபடியும் வந்தார். "சாரே, நான் போட்டே?" என்று விடை கேட்டார். கல்யாண வீட்டுக்காரனுக்கு அதைவிட ஒரு அவமானம் உண்டா? "சாப்பிடாமப் போனா எனக்குப் பொல்லாத வருத்தமாயிடும்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பந்தியில் உட்கார வைத்தேன். அதுவும் வீடியோவில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஷைனி, "மாமா எவ்வளவு பாசமாக் கூப்பிடுறாங்க பாருங்க" என்றாளே, அது இந்த இடம்தான். நான் அப்போது பல்வலி என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனேன்.

அவர் அவசரமாகச் சாப்பிட்டார். அக்காவுக்கு என்று ஒரு பொதி பிரியாணி கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தபோது அக்கா குளியலறைத் தரையில் கிடந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எத்தனை நேரம் கிடந்தார்களோ தெரியாது. கத்தியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், ஆனால் தினமும் கேட்கிற சத்தம்தானே என்று இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நீங்கள் இருவரும் அன்று சாயங்காலம் நாகர்கோவிலுக்கு மறுவீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள், நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு விஷயம் தெரிந்தது அடுத்த ஞாயிறு மன்றாட்டு ஜெபத்தில்தான். மெடிக்கல் காலேஜுக்கு ஓடினேன். வார்டு வராந்தாவில் அண்ணன் அதே நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு ஓர்மையும் ஞாபகமும் தப்பத் தொடங்கி நாளாயிற்று என்றும், தொடக்கத்தில் புத்தி தெளிவாக இருந்தபோதே, சபையில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று அக்கா கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்கள் என்றும், பார்த்துக்கொள்ள வைத்த பெண்ணை அக்கா கடித்துவிட்டதால் அவள் நிற்கவில்லை என்றும் அப்போதுதான் சொன்னார். என்மேல் ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொன்னால் நானும் அழுது, காலில் விழுந்து, தீர்த்திருப்பேன். அவர், "கல்யாணம் நல்லா இருந்துச்சு சாரே. பொண்ணு நல்ல ஐசுவரியம்" என்றார்.

அக்கா பிறகு எழுந்து நடக்கவில்லை. படுக்கைதான். நான் வாசல் வேலையை விட்டுவிட்டு, ஞாயிறுதோறும் அண்ணன் கோயிலுக்குப் போக, அக்கா பக்கத்தில் இருக்கத் தொடங்கினேன். அதைத்தான் சபை புகழுகிறது. போதகர் பிரசங்கத்தில் நல்ல சமாரியன் என்று என்னைக் காட்டியே பேசினாராம், உன் அம்மா வந்து கண் நிறைந்து சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பா அது? நெஞ்சுக்குள் சுண்ணாம்பு பட்டதுபோல எரிந்தது. ஏனென்றால் கார்டு கொடுத்த அன்றைக்கு நான் பார்த்ததை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அண்ணனிடமும் சொல்லியிருக்கவில்லை. தெரியாமல் நடந்த பிழை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, நானும் அப்படியே விட்டிருந்தேன்.

சொன்னது அக்கா. கட்டிலில் கிடந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, ஒரே பேச்சைப் பேசுவார்கள்: "வெள்ளைச் சட்டைக்காரன் வந்தான். காயிதம் தந்தான். தொறக்காமப் போயிட்டான்." எத்தனை பெயரை மறந்தார்கள், பெற்ற மகளையே வீடியோ காலில் ஆராக்கும் என்று கேட்கிறார்கள், இது மட்டும் மறக்கவில்லை. முதல் வாரமே அது என் காதில் விழுந்தது. அண்ணன் குடையை எடுத்துக்கொண்டே, "அவ ஏதாவது சொல்லிட்டுக் கெடப்பா சாரே, காரியமாக்காதீங்க" என்றார். காரியமாக்கவில்லை என்று தலையாட்டினேன். வாரம் வாரம் தலையாட்டினேன்.

உன் போன் வந்த பிறகு என்னால் முடியவில்லை. எனக்கும் அதுபோல ஒரு மனசு வேண்டும் என்று நீ சொன்னாயே, அந்த மனசு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாமல் நீ அதைக் கேட்டு வாங்கிவிடக் கூடாது என்று பயந்தேன். புதன்கிழமை மழையில் நேமத்துக்குப் போனேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, அக்கா சொல்றது பிச்சும் பேயுமா உளர்றது இல்ல. அது நான்தான். கார்டு கொண்டு வந்த அன்னைக்கு ஜன்னல்ல பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்" என்றேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

அவர் அக்காவின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "தெரியும் சாரே" என்றார்.

"கார்டு அவ கையில இருந்துச்சு. பூட்டின வீட்டுக்குள்ள அவ கையில எப்படி வரும்? ஆரோ ஜன்னல்ல நின்னு குடுத்திருக்காங்க. கல்யாணக் கார்டு, வெள்ளைச் சட்டை, நீங்கதான்னு அன்னைக்கே தெரியும். எனக்கு அப்பம் ஒரு சமாதானமா இருந்துச்சு சாரே. சத்தியமாட்டு. நான் ஆருகிட்டயும் சொல்லாமலே ஒருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சே, இனி அவரே கேப்பாருன்னு நெனச்சேன். நாலஞ்சு நாளு பாத்தேன். பின்ன, கல்யாணத்துக்குப் போனா கேப்பாருன்னு வந்தேன். அதுக்குத்தான் முடியற வரைக்கும் இருந்தேன்."

மோனே, நான் அவரிடம் என்ன கேட்டேன்? சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கட்டாயம் சொல்லியிருப்பார், நம் ஜனங்கள் அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாகச் சொல்லப் பழகியவர்கள். எழுந்து போய்க் கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தார். குடித்தோம். மழை விடுகிறவரை இருந்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நேர்ல போயி விளிங்கன்னு உங்கள நான்தானே விட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தை இருவருமே தொடங்கவில்லை.

நீ வாசலில் நில். நிற்காதே என்று சொல்ல நான் யார்? ஆனால் தாளைக் கொடுக்கும்போது தாளைப் பார்க்காதே, முகத்தைப் பார். இரண்டு பேராக வந்துகொண்டிருந்தவர் ஒருவராக வந்தால், மற்றவர் எங்கே என்று கேட்டுவிட்டு, வாயில் வந்த பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளுக்குத் திரும்பிவிடாதே. ஜெபிக்கிறேன் என்று சொல்லத் தோன்றும். சொல்வதற்கு முன்னால், "நான் எப்போ வீட்டுக்கு வரட்டும்?" என்று கேட்டுவிடு. வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் எல்லாரும் பழகியிருக்கிறோம், நீயும் புளிக்குழம்பைக் கொட்டிவிட்டு வயிறு நிறைந்தது என்று சொன்னவன்தானே? ஆசீர்வாதத்துக்கு முன்னால் ஒருவர் எழுந்து போனால், கையில் இருக்கிறதைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவர் பின்னால் படி இறங்கு. பஸ் நிறுத்தம்வரை கூட நட. உனக்கும் ஆசீர்வாதம் தவறிப்போகும், போகட்டும். உன் அப்பன் ஒருநாள்கூடத் தவறவிடாமல் வாங்கி வைத்திருக்கிறான், அதை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்று நீ வாசித்துவிட்டாய்.

ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால், அப்புறம் என்று மட்டும் வைக்காதே. எனக்குக் கல்யாணம் இருந்தது. உனக்கும் ஏதாவது இருக்கும்.

நேற்று ஞாயிறு. புதன்கிழமைக்குப் பிறகு அவர் என்னை உள்ளே விடுவாரோ மாட்டாரோ என்ற பயத்தோடேதான் போனேன். விட்டார். அக்காவுக்குக் கஞ்சி எப்போது, மருந்து எது என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். "அண்ணே, இன்னைக்கு ஆசீர்வாதம் முடிஞ்சு பைய வாங்க, நான் இருக்கேன்" என்றேன். வாரா வாரம் சொல்வேன். அவரும் வாரா வாரம் சரி சாரே என்பார். ஆனால் கடைசிப் பாட்டிலேயே எழுந்து வந்துவிடுகிறார் என்று உன் அம்மா சொல்கிறாள். என்மேல் கோபம் ஒன்றும் இல்லை அவருக்கு. நம்பிக்கைதான் இன்னும் வரவில்லை. நேற்றும் அக்காவின் தலையைச் சீவிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஆசீர்வாதம் முடிந்து புறப்பட்டால் வந்து சேரும் நேரத்துக்கு முன்பே சந்து முனையில் அவர் குடை தெரிந்தது, ஓட்டமும் நடையுமாக. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தூரத்திலேயே பைக்குள் கையை விட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

உன்
அப்பா